பொறியின் ஆயுள்

நெருப்புக்கு மேற்பரப்பு கிடையாது. ஒரு மேசையையோ பந்தையோ விண்கலத்தையோ கணினியில் வரைய வேண்டுமானால் அதன் புறத்தோலைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரித்து எழுதிவிடலாம். 1980களின் தொடக்கத்தில் கணினி வரைகலை கைவசம் வைத்திருந்த வித்தை பெரும்பாலும் இதுதான். தீ, புகை, மேகம், நீர்த்திவலை ஆகியவற்றிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. அவற்றின் ஓரம் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. காட்டினாலும் அடுத்த நொடி அது அங்கே இருக்காது.

1982 ஜூனில் வெளியான ‘ஸ்டார் ட்ரெக் 2: தி ராத் ஆஃப் கான்’ படத்தில் சுமார் ஒரு நிமிடம் ஓடும் காட்சி ஒன்று உண்டு. உயிரில்லாத ஒரு கோளின்மீது எறிபொருள் வந்து மோதுகிறது. மோதிய இடத்திலிருந்து தீச்சுவர் வட்டமாகக் கிளம்பி, கோள் முழுவதையும் சுற்றி வளைக்கிறது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கணினிப் பிரிவு செய்த காட்சி இது. பின்னாளில் பிக்ஸார் என்று தனி நிறுவனமானது அந்தப் பிரிவுதான். தீச்சுவர் வில்லியம் ரீவ்ஸின் பொறுப்பு. அவர் தீயை வரையவே இல்லை. ஓர் ஊரின் பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் போல ஒன்றை எழுதினார்: ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை துகள் பிறக்கும், எந்தத் திசையில் எந்த வேகத்தில் கிளம்பும், என்ன நிறம், எத்தனை ஃப்ரேம் வாழும். ஒவ்வொன்றுக்கும் இரண்டே எண்கள். ஒன்று சராசரி, மற்றொன்று அதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது. துகள் பிறக்கும்போது கணினி −1க்கும் +1க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணைப் பொறுக்கி, விலகலோடு பெருக்கி, சராசரியோடு கூட்டிக்கொள்ளும். நெரிசலான கட்டத்தில் சுமார் 7,50,000 துகள்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் கையால் வைக்கவில்லை.

நிறத்தில் அவர் செய்தது இன்னும் அழகு. துகள்கள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறம்தான்: நிறையச் சிவப்பு, கொஞ்சம் பச்சை, துளி நீலம். ஒரு பிக்சல்மீது பல துகள்கள் விழும்போது ஒன்றை மற்றொன்று மறைக்காது, ஒளி ஒளியோடு கூடும். தீயின் விளிம்பில் துகள்கள் அரிது, அதனால் அங்கே சிவப்பு. நடுவில் நெரிசல். சிவப்பு தன் உச்ச அளவைத் தொட்டு நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சிவப்போடு பச்சை சேரச் சேர ஆரஞ்சு, பிறகு மஞ்சள். நெரிசல் மிக மிஞ்சிய இடத்தில் துளித்துளியான நீலமும் சேர்ந்து வெண்மை வந்துவிடுகிறது. தீயின் நடு வெளுப்பு, இடை மஞ்சள், ஓரச் சிவப்பு எல்லாம் யாரும் சொல்லாமலே கூட்டல் கணக்கிலிருந்து கிடைத்தன. போதாததற்கு, துகளின் வயது ஏற ஏறப் பச்சையும் நீலமும் சட்டென்று குறையவும், சிவப்பு மெல்லக் குறையவும் விட்டார். ஆறிக்கொண்டிருக்கும் தணலின் நிறமாற்றம் அது.

ரீவ்ஸ் இந்த முறையை 1983இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். அன்று ஒரு திரைப்பட நிறுவனத்தின் கணினிகள் மூச்சுத் திணறிச் செய்த வேலையை இன்று வீட்டு மடிக்கணினி செய்கிறது. இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் 2018 முதல், எஃபெக்டுகளுக்கான ஃப்யூஷன் என்ற பகுதி உள்ளடங்கி வருகிறது. ஆப்பிள் மோஷன், பவர்டைரக்டர், பிளெண்டர் என எதைத் திறந்தாலும் துகள்களைப் பிறப்பிக்கும் ஓர் எமிட்டரும் அதன் பக்கத்தில் ஸ்லைடர் வரிசையும் இருக்கும். பெயர்களும் வரிசையும் மாறலாம். உள்ளே இருப்பது ரீவ்ஸின் பட்டியல்தான்.

பிறகு ஏன் நம் பிறந்தநாள் வீடியோவில் போட்ட பனி பனியாக இல்லாமல், கண்ணாடியில் ஒட்டிய தெர்மோகோல் உருண்டைகளாகத் தெரிகிறது? துகள் போதவில்லை என்று நினைத்துப் பலர் எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள். நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் எண்ணிக்கையில் இல்லை. ஸ்லைடர்கள் முன்கூட்டியே அமைக்கப்பட்டு வரும் ப்ரீசெட் என்பது கறுப்புப் பின்னணியில் சின்னப் பெட்டிக்குள் கண்ணைப் பறிப்பதற்காகச் செய்யப்பட்டது. உங்கள் வீடியோவில் உள்ள உலகம் எவ்வளவு பெரியது என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஸ்லைடர்களைத் தொடுவதற்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது.

முதலில் எண்ணிக்கையை முடித்துவிடலாம். ஃப்ரேமுக்கு 10 துகள் பிறக்கிறது, ஒவ்வொன்றும் 100 ஃப்ரேம் வாழ்கிறது என்றால் திரையில் எப்போதும் ஆயிரம் துகள்கள் உயிரோடு இருக்கும். பிறப்பு வீதத்தை ஆயுளால் பெருக்கினால் போதும். வரிசையில் நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வருகை வீதத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கியதற்குச் சமம் என்று 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதியும் இதுவே. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். ஒன்று, கூட்டத்தைக் குறைக்க ஆயுளில் கைவைத்தால் துகள் பயணிக்கும் தூரமும் குறைந்துபோகும். கைவைக்க வேண்டியது பிறப்பு வீதத்தில். மற்றொன்று, எமிட்டர் தொடங்கியதும் ஆயிரம் வந்துவிடாது. முதல் துகள் சாகும் வரை, அதாவது 25 ஃப்ரேம் வீடியோவில் முதல் 4 நொடிகளுக்கு, கூட்டம் சேர்ந்துகொண்டே இருக்கும். மார்கழிப் பனி ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கும் காட்சியில் வெறும் வானத்திலிருந்து பனி தொடங்குவது அபத்தமாக இருக்கும். ஃப்யூஷனில் துகள்களை ரெண்டர் செய்யும் கணுவில், காட்சி தொடங்குமுன்பே சில ஃப்ரேம்களை ஓட்டிவிடச் சொல்லும் வசதி இதற்காகவே இருக்கிறது. அப்படி ஒரு வசதி இல்லாத மென்பொருளில், எஃபெக்டை நான்கு நொடி முன்னதாகத் தொடங்கி, முன்பகுதியை வெட்டி எறியலாம்.

இனி அளவுக்கு வருவோம். உங்கள் வீடியோவில் 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் நிற்கிறார், திரையில் அவர் உயரம் 800 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மீட்டர் 500 பிக்சல். பூமியின் ஈர்ப்பு நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டுகிறது. பிக்சல் கணக்கில் அது 4,900. நொடிக்கு 25 ஃப்ரேம் என்பதால் 625ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 8. அவர் கையிலிருந்து நழுவும் எந்தப் பொருளும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் முந்தைய ஃப்ரேமைவிட 8 பிக்சல் கூடுதலாக விழ வேண்டும். பத்தாவது ஃப்ரேமில் அது ஏறக்குறைய 390 பிக்சல் கீழே இருக்கும்.

அதே மனிதர் தூரத்தில் நிற்கிறார், திரையில் 80 பிக்சல்தான் என்றால் கணக்கு பத்தில் ஒன்றாகிவிடும்: ஃப்ரேமுக்கு 0.8 பிக்சல். தூரத்துக் காட்சிக்குச் சரியாக இருந்த இந்த 0.8ஐ அப்படியே அருகாமைக் காட்சிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பொறிகள் மிதந்து மிதந்து இறங்கும். கண் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடும்: ஈர்ப்பு மாறாது, ஆகவே இந்த ஆள் 16 மீட்டர் உயரமானவர். நாம் அறியாமலே விழும் நேரத்தை வைத்துத்தான் பொருளின் பருமனை எடைபோடுகிறோம். மினியேச்சர் மாதிரிகளை வைத்துப் படம் எடுத்தவர்கள் இதைப் பழகித் தெரிந்துவைத்திருந்தார்கள். பதினாறில் ஒரு பங்கு அளவில் கட்டிய கட்டடம் இடிந்து விழுவதை 4 மடங்கு வேகமாகப் படம்பிடித்து, சாதாரண வேகத்தில் ஓட்டுவார்கள். 16இன் வர்க்கமூலம் 4. அப்போதுதான் செங்கற்கள் கனமானவையாகத் தோன்றும்.

ஒரு சிக்கல் உண்டு. ஸ்லைடரில் உள்ள எண் பிக்சலா, திரை அகலத்தின் பங்கா, மென்பொருள் தனக்கென்று வைத்துக்கொண்ட அலகா என்பது இடத்துக்கு இடம் மாறும். கையேட்டைத் தேடுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது சுலபம். எல்லா விலகல்களையும் பூஜ்யமாக்கி, ஒரே ஒரு துகளை விட்டு, அது திரையைக் கடக்க எத்தனை ஃப்ரேம் ஆகிறது என்று எண்ணினால் அலகு பிடிபட்டுவிடும்.

இனி பனிக்கும் மழைக்கும் இந்த 8 பிக்சல் கணக்கே தேவையில்லை என்பது வேடிக்கை. காற்று இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளி நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் நம் தலையைத் தாக்கும். காற்றின் எதிர்ப்பு ஈர்ப்புக்குச் சமமானதும் வேகம் கூடுவது நின்றுவிடுகிறது. 1949இல் ராஸ் கன், கில்பர்ட் கின்சர் இருவரும் அளந்து வெளியிட்ட அட்டவணைப்படி, அரை மில்லிமீட்டர் தூறல் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர், 2 மி.மீ. துளி 6.5 மீட்டர், 5 மி.மீ. பெருந்துளி 9 மீட்டர். பனித்திவலையோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இறங்குகிறது. கேமராவுக்குள் வருமுன்பே இந்த வேகம் நிலைபெற்றுவிடுகிறது. ஆகவே பனிக்கும் மழைக்கும் ஈர்ப்பு ஸ்லைடர் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். நிலையான வேகத்தை மட்டும் கொடுங்கள். பல ப்ரீசெட்டுகளில் பனி கீழே வர வர வேகம் பிடிப்பதைப் பார்க்கலாம். கூழாங்கல் மழை அது.

நம் 500 பிக்சல் மீட்டரில் பனி ஃப்ரேமுக்கு 20 பிக்சல் நகரும். 1,080 பிக்சல் உயரத் திரையைக் கடக்க 54 ஃப்ரேம். ஆயுள் அதைவிடக் குறைவாக இருந்தால் பனி அந்தரத்தில் மாயமாகும். 2 மி.மீ. மழைத்துளியோ ஃப்ரேமுக்கு 130 பிக்சல் பாயும். ஒன்பதே ஃப்ரேமில் திரையைத் தாண்டிவிடும். கேமராவின் ஷட்டர் வழக்கம்போல் ஐம்பதில் ஒரு நொடி திறந்திருந்தால், அதற்குள் துளி 65 பிக்சல் நகர்ந்திருக்கும். வீடியோவில் மழை பெரும்பாலும் கோடுதான், துளி அல்ல. சில மென்பொருள்கள் மழைக்கென்று கண்ணீர்த்துளி வடிவப் படத்தைத் தருகின்றன. நிஜத் துளி அப்படி இருப்பதே இல்லை. சிறியது உருண்டை, பெரியது அடிப்பக்கம் தட்டையான உருண்டை.

கல்யாண வீடியோக்களின் நிரந்தர விருந்தாளியான ரோஜா இதழ் இன்னும் கடினமானது. இதழ் நேராக விழாது. புரண்டு, சறுக்கி, ஒரு பக்கமாக ஒதுங்கி விழும். மின்காந்தவியலால் பின்னாளில் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், 1854இல், இருபத்துச் சொச்ச வயதில், கையிலிருந்து விடப்பட்ட காகிதத் துண்டு ஏன் சுழன்றுகொண்டே ஒரு பக்கமாகப் போகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். சுழற்சியும் ஒதுங்குதலும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது அமைகிறது. மென்பொருளிலோ சுழற்சிக்கு ஒரு ஸ்லைடர், திசைக்கு ஒரு ஸ்லைடர். இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. இடப்புறம் சுழலும் இதழ் எந்தப் பக்கமும் போகும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் இதழுக்குக் காற்றோடு சம்பந்தமில்லை என்பது தெரிந்துவிடும். இரண்டு எமிட்டர்களை வைத்து, ஒன்றில் சுழற்சியை ஒரு திசைக்கும் ஒதுங்குதலை ஒரு பக்கத்துக்கும் கட்டிவிட்டு, மற்றதில் இரண்டையும் தலைகீழாக்கினால் பாதிப் பொய் போய்விடும்.

விலகல் ஸ்லைடர்களைப் பற்றி ஒரு சொல். அவை பெரும்பாலும் எல்லா மதிப்புகளுக்கும் சம வாய்ப்புக் கொடுப்பவை. இயற்கை அவ்வளவு சமத்துவவாதி அல்ல. மழையில் எந்த அளவுத் துளி எத்தனை என்று கனடாவின் மார்ஷலும் பால்மரும் 1948இல் கண்ட சூத்திரப்படி, துளி பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை சரசரவென்று சரிகிறது: பொடி ஏராளம், பெரிது சொற்பம். ஒரே எமிட்டரில் அளவின் விலகலை இழுத்து வைப்பதற்குப் பதில், நிறையச் சிறு துகள்களுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, நான்கைந்து பெரியவற்றுக்கு ஒன்று என லேயர்களாகப் பிரித்தால் இந்தச் சரிவு கிடைக்கும். பனியானால் தூரமும் இதிலேயே அடங்கிவிடும். தூரத்துப் பனி சிறியது, மங்கியது, திரையில் மெதுவானது.

காற்றுக்கு இன்னொரு சூட்சுமம். ஒவ்வொரு துகளையும் தனித்தனியே தாறுமாறாக ஆட்டினால் கொசுக்கூட்டம்தான் கிடைக்கும், காற்று கிடைக்காது. காற்றில் அக்கம்பக்கத்துத் துகள்கள் ஏறக்குறைய ஒரே பக்கம் தள்ளப்படுகின்றன. இப்படி அருகருகே ஒத்தும் தொலைவில் மாறுபட்டும் இருக்கும் ஒழுங்கான ஒழுங்கின்மையைக் கணக்கில் கொண்டுவரும் வழியை கென் பெர்லின் 1985இல் வெளியிட்டார். அதற்காக 1997இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் பெற்றார். டர்புலன்ஸ் என்ற பெயரில் மென்பொருளில் இருப்பது பெரும்பாலும் அவருடைய வம்சாவளி. அதோடு, சீட் என்ற எண்ணையும் கவனிக்கலாம். கணினியின் தற்செயல் உண்மையில் தற்செயல் அல்ல. ஒரே சீட் எண்ணிலிருந்து தொடங்கினால் அதே துகள்கள் அதே இடங்களில் பிறக்கும். அதனால்தான் இன்று ரெண்டர் செய்த பனியும் நாளை ரெண்டர் செய்யும் பனியும் ஒன்றாக இருக்கின்றன. காட்சியில் இருப்பவரின் முகத்துக்கு நேரே ஒரு துகள் வந்து நின்று தொல்லை கொடுத்தால், மற்ற எதையும் தொடாமல் சீட் எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

இவ்வளவையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கம்பி மத்தாப்பைச் செய்துபார்ப்பதுதான் வழி. சிவகாசிக் கம்பி மத்தாப்பிலிருந்து தெறிப்பவை பெரும்பாலும் எரியும் இரும்புத்தூள்கள். தூள் மிகப் பொடி என்பதால் காற்று அதைச் சட்டென்று பிடித்து நிறுத்துகிறது. எனவே இங்கே முக்கியமானது ஈர்ப்பு அல்ல, காற்றுத் தடை. தொடக்க வேகம் அதிகம், தடையும் அதிகம், ஆயுள் ஒரு நொடிக்கும் வெகு குறைவு. தூளில் உள்ள கரிமம் எரிந்து வாயுவாகி உள்ளிருந்து முட்ட, சில பொறிகள் பாதி வழியில் வெடித்துக் கிளைவிடுகின்றன. மத்தாப்பின் பூ என்று நாம் ரசிப்பது இந்தக் கிளைகளைத்தான். துகள் சாகும் இடத்தில் புதிய துகள்கள் பிறக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால், ஒவ்வொரு மரணத்துக்கும் நான்கைந்து குட்டிப் பொறிகளைப் பிறக்கவிடுங்கள். எல்லாப் பொறிக்கும் வேண்டாம், சிலவற்றுக்குப் போதும். நிறம் வெள்ளை கலந்த மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு, சிவப்பு வழியே அணைய வேண்டும். உருவம் புள்ளியாக அல்ல, சிறு கோடாக.

கலப்பு முறையில் ‘ஆட்’ தேர்ந்தெடுக்க வேண்டும். பொறி ஒளி தருவது, ஒளியை மறைப்பதல்ல. (இதழுக்கும் புகைக்கும் இந்த முறையைப் போட்டால் அவை ஆவியாகத் தெரியும்.) ஆனால் பின்னால் வெள்ளை வேட்டியோ சுண்ணாம்புச் சுவரோ இருந்தால் பொறி காணாமல் போகும். அங்கே பிக்சல் ஏற்கெனவே தன் உச்ச அளவான 255ஐத் தொட்டுவிட்டது, கூட்ட இடமில்லை. ரீவ்ஸுக்கு வெண்மை தந்த அதே உச்சவரம்பு இங்கே காலை வாரும். வழி, பின்னணியின் வெளிச்சத்தை முதலில் இறக்குவது. பகலில் மத்தாப்பு எடுபடாததற்கும் இதுவே காரணம், ஆகவே இறக்குவதில் பொய் எதுவும் இல்லை. மத்தாப்பைக் கையில் பிடித்திருக்கும் குழந்தையின் முகத்தில் அந்த வெளிச்சம் படுவதையும் மென்பொருள் தானாகச் செய்யாது. முகத்தின்மீது இளமஞ்சள் வெளிச்சம் ஒன்றை மென்மையாகப் பூசி, அதை லேசாகப் படபடக்க விட வேண்டும். ஆயிரம் பொறிகளைக் கூட்டுவதைவிட இந்த ஒரு லேயர் அதிகம் சாதிக்கும்.

கடைசிச் சோதனை எக்ஸ்போர்ட்டில் காத்திருக்கிறது. 2003இல் வெளிவந்து இன்றும் பரவலாக உள்ள எச்.264 போன்ற வீடியோச் சுருக்க முறைகள் ஒரு நல்ல சோம்பேறித்தனத்தின்மேல் கட்டப்பட்டவை. படத்தை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, இந்தக் கட்டம் முந்தைய ஃப்ரேமில் இன்ன இடத்தில் இருந்ததுதான், கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று மட்டும் எழுதிவைக்கும். சுவரும் மனிதர்களும் இதற்கு ஒத்துழைப்பார்கள். பனியோ பொறியோ வந்தால் ஒரே கட்டத்துக்குள் ஐந்து துகள் ஐந்து திசையில் ஓடும். எதையும் பழைய ஃப்ரேமிலிருந்து எடுக்க முடியாது. ஒதுக்கிய பிட்ரேட் முழுவதையும் துகள்கள் தின்றுவிட, முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கும், உடைப்பு இரட்டிப்பாகும். தூரத்துப் பொடித் துகள்களை மங்கலாக்கியும், எண்ணிக்கையைப் பாதியாக்கியும், எக்ஸ்போர்ட் பிட்ரேட்டை வழக்கத்தைவிட ஏற்றியும் முதல் உடைப்பைத் தவிர்க்கலாம். இரண்டாவதைத் தவிர்க்க, குடும்பக் குழுவுக்கு வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். அப்போது கோப்பு சுருக்கப்படாமல் அப்படியே போய்ச் சேரும்.